பால் காய்ச்சிய டேட்டாபேஸ்

ரங்கநாதனின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. எத்தனையோ வருஷமாக அவருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. பிரிண்டர் மக்கர் செய்தால் சரி, வாசல் கேமரா இருண்டுபோனால் சரி, டிரஸ்டியின் மருமகள் போனில் படங்கள் காணாமல் போனால் அதுவும் சரி. "சரி சார்", "ஆகட்டும் மேடம்", "பாத்துடலாம்மா" என்ற மூன்றை வைத்துக்கொண்டே அந்த மனிதர் ஐம்பது வயது வரை வண்டியை ஓட்டிவிட்டார். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கம் எவ்வளவு பெரிய தலைவலி என்று கூட வேலை பார்க்கிற என்னைக் கேட்க வேண்டும்.

எங்களுடையது அல்சூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து படுப்பார்கள். மெஷின் அவர்களுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய நீரை எடுத்துவிட்டு அனுப்பும். நான் ஐரின், முன்மேசையில் பதிவு பார்க்கிறவள். மர்பி டவுனில் பிறந்து, மர்பி டவுனிலேயே கல்யாணம் கட்டி, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். கம்ப்யூட்டர் பார்க்கிற ரங்கநாதன் திருப்பத்தூர்க்காரர். பிழைக்க வந்து ஆனேக்கலில் வீடு எடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு பைக் இருந்தது. மைத்துனர் ஒரு வாரத்துக்கு என்று கேட்டார், இவர் சரி என்றார், அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அதனால் தினமும் இரண்டு பஸ் மாறி, சட்டை கசங்கி வந்து சேருவார். அவர் மனைவி அவ்வப்போது எனக்குப் போன் போட்டு, "அக்கா, அவரை நேரத்தோட வீட்டுக்கு அனுப்புங்க, யாராவது கூப்பிட்டா நீங்களாவது இல்லைன்னு சொல்லுங்க" என்பாள். கட்டினவளுக்கே முடியாததை நான் எங்கே செய்ய?

எங்கள் டிரஸ்டி சேஷகிரி சார். பல தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். மாநில அரசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னடத்தில் கோபப்பட்டுத் தமிழில் சமாதானம் ஆவார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர், வேண்டியவர் என்று யாரும் வரிசையைத் தாண்டிப் போய் மெஷினில் படுக்கக் கூடாது என்று டோக்கன் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த நேரம் யார் பேருக்கு என்று கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அவருக்குத்தான் டோக்கன் அச்சாகும். டோக்கன் இல்லாமல் ஸ்டோரிலிருந்து குழாய் செட் வராது. குழாய் இல்லாமல் சிஸ்டர் எதை வைத்து மெஷினில் ஏற்றுவார்? பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தவர்களைக்கூட இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பஞ்சாங்கம் என்று வந்துவிட்டால் சாரிடம் யாரும் பேச முடியாது.

இந்த வருஷம் ஆனி பிறந்த கையோடு சர்வரில் இடம் தீர்ந்துகொண்டு வந்தது. ரங்கநாதன் போய் சாரிடம் விளக்கினார். நோயாளிகளின் விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. அந்த டேட்டாபேஸ் லினக்ஸ் சர்வரின் டிஸ்கில் ஒரு டைரக்டரியில் குடியிருக்கிறது. இடம் நிறைந்துவிட்டால் டேட்டாபேஸ் நின்றுபோகும், டோக்கனும் நின்றுபோகும். புது டிஸ்க் ஒன்று வாங்கி, டைரக்டரியை அதற்கு மாற்ற வேண்டும். இதோடு நிறுத்தியிருக்கலாம். வீடு மாத்துற மாதிரிதான் சார் என்று ஓர் உதாரணத்தையும் சொல்லித் தொலைத்தார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வீடு மாற்றுவது என்ற சொல் காதில் விழுந்ததும் சார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்தார். டிஸ்க் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடிக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஆஷாடம் வேறு வந்துவிடும். சார் இரண்டையும் பார்ப்பவர். பெங்களூரிலேயே ஊறிய தமிழர்களுக்கு ஆகாத நாட்களும் இரட்டிப்பு.

"ஆடியிலே யாராவது குடி போவாளோ ரங்கா?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும், இது கம்ப்யூட்டர் சார், இதற்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சர்ச்சுக்குப் போகிறவள், இந்த விஷயத்தில் என் பேச்சு எடுபடாது. ரங்கநாதன் தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் ஏதோ குறுக்கு வழி முளைக்கிறது என்று அர்த்தம். ஆடியில் வீடு மாற வேண்டி வந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் புது வீட்டில் பால் காய்ச்சி, சாமி படமும் உப்பும் நாலு பாத்திரமும் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு சாமான் ஏற்றிய வண்டி எப்போது போனாலும் குற்றமில்லை. சர்வருக்கும் அப்படியே செய்துவிடலாம் சார் என்றார் ரங்கநாதன். சாரின் முகம் மலர்ந்தது. எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆஷாடம் தொடங்குவதற்கு முன் நல்ல நேரமாக ஒரு ஞாயிறு கிடைத்தது. புது டிஸ்க் வரவில்லை, வந்தால் அதை மாட்டப்போகிற இடத்துக்கு ஒரு பெயர் மட்டும் ரங்கநாதன் மனதில் இருந்தது. அதே பெயரில், பழைய டிஸ்கின் இன்னொரு பகுதியில், ஒரு காலி டைரக்டரியை உண்டாக்கினார். அங்கே மிச்சமிருந்த இடத்தில் டேட்டா நெருக்கிப் பிடித்து அடங்கியது. டேட்டாபேஸை நிறுத்தி, மொத்தத்தையும் நகல் எடுத்து, இனிமேல் டேட்டா இங்கே என்று கான்ஃபிக் ஃபைலில் மாற்றி, சாரின் கண்ணெதிரில் ஓடவிட்டுக் காட்டினார். சார் கற்பூரம் காட்டினார். புகை அலாரம் கத்தக் கூடாதே என்று அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்கள். நான் ஞாயிறு பூசையை விட்டுவிட்டு, சர்வர் அறையில் பால் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

முகூர்த்தம் முடிந்ததும் டேட்டாபேஸைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டார். ஆனியில் எடுத்த அந்த நகல் மட்டும் அங்கேயே கிடந்தது. நல்ல நேரத்தில் வைத்த பொருளை எடுக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். அதற்கு ரங்கநாதன் என்ன பதில் சொன்னார் என்று தனியாக எழுத வேண்டுமா?

ஆடி நடுவில் டிஸ்க் வந்தது. அடுத்த ஞாயிறு அதை சர்வரில் மாட்டி, அதே டைரக்டரியின் மேல் ஏற்றினார். அப்படி ஏற்றினால் அடியில் கிடக்கிற நகல் அழிவதில்லையாம், கோலத்தின் மேல் பாயை விரித்த மாதிரி மறைந்து போகுமாம். பிறகு அன்றைய தேதி வரைக்கும் உள்ள டேட்டாவைப் புது டிஸ்குக்குக் கொண்டுவந்து, கான்ஃபிக் ஃபைலையும் திரும்ப அங்கே மாற்றி ஓடவிட்டார். பிரமாதமாக ஓடியது. பாக்கி இருந்தது ஒரே ஒரு வரி. சர்வர் அணைந்து எழும்போதெல்லாம் இந்த டிஸ்கை இந்த இடத்தில் ஏற்று என்று ஒரு ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். எழுத உட்கார்ந்த நேரத்தில் சார் வந்து, காத்திருக்கும் அறையில் டிவி வரவில்லை என்றார். "சரி சார்" என்று எழுந்து போனார். டிவியிலிருந்து கேமரா, கேமராவிலிருந்து பிரிண்டர், பிரிண்டரிலிருந்து ஆனேக்கல் பஸ். அந்த வரி எழுதப்படவே இல்லை. சர்வரும் அதற்கப்புறம் அணையவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

ஆவணியில் சீனு இறந்துபோனார். மர்பி டவுனில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். மெஸ்ஸில் சமையல் வேலை, கனத்த சரீரம், பெரிய சிரிப்பு. ஆறாம் மெஷின் அவருடையது. அந்த இடம் காத்திருப்பில் முதலில் இருந்த கோவிந்தப்பாவுக்குப் போனது. நீலசந்திராவில் ஆட்டோ ஓட்டுகிறவர், பென்சில் மாதிரி ஒடிசலான ஆள். அதுவரைக்கும் இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரி, நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தவர். நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்த அன்று என் மேசைக்கு ஒரு பொட்டலம் மைசூர்பாக் கொண்டுவந்து வைத்தார்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரியும் காலை வாரிவிட்டது. கரண்ட் திரும்பியதும் சர்வர் தானாக எழுந்தது. புது டிஸ்கை ஏற்றச் சொல்லி எழுதியிருக்கவில்லை, அதனால் அது ஏற்றவில்லை. டேட்டாபேஸ் எழுந்து, தனக்குச் சொல்லப்பட்ட டைரக்டரியைப் பார்த்தது. அங்கே ஆனி மாதத்து நகல் அப்படியே முழுசாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. சண்டித்தனம் செய்து நின்றிருந்தால்கூட உடனே தெரிந்திருக்கும்.

காலை முதல் ஷிப்டில் பெரும்பாலும் பழைய ஆட்கள், அவர்கள் ஆனியிலும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். டோக்கன் ஒழுங்காக அச்சானது. வம்பு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. ஒருவரின் போன் நம்பர் பழைய நம்பராக இருந்தது. இன்னொருவரின் ஷிப்ட் மாறியிருந்தது. என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன். அப்போதுதான் கோவிந்தப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஆனேக்கலில் ஒரு சாவுக்குப் போயிருந்ததால் புதன்கிழமை வரவில்லை. முகம் உப்பி, கால் பானை மாதிரி வீங்கி, ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். சிஸ்டர் தாரணி ஓடி வந்து சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஆக்சிஜன் மாட்டினாள். சீக்கிரம் டோக்கன் கொடுங்கள், நுரையீரலில் தண்ணீர் சேர்கிறது, இவர் தாங்க மாட்டார் என்று என்னிடம் சொன்னாள்.

பெயரை அடித்தேன். அப்படி ஒருவர் இல்லை என்றது கம்ப்யூட்டர். திரும்ப அடித்தேன், இல்லை. ஆறாம் மெஷினைத் திறந்து பார்த்தேன். பதினோரு மணி, சீனு என்று இருந்தது.

"அக்கா, ஸ்வல்ப பேக பாருங்கக்கா, மூச்சு முட்டுது" என்று கன்னடமும் தமிழுமாக அவசரப்படுத்தினார் கோவிந்தப்பா.

ரங்கநாதன் கசங்கிய சட்டையோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார், உள்ளே போனார், கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். சாரின் அறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். என்ன ஆயிற்று என்பதை சாரிடம் மறைக்காமல் சொன்னார். டேட்டாபேஸை நிறுத்தி, புது டிஸ்கை ஏற்றி, மறுபடி ஓடவிட்டால் எல்லாம் வந்துவிடும், ஐந்து நிமிஷ வேலை என்றார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, ராகு காலம். இத்தனை பேர் உயிர் இருக்கிற டேட்டாவை இந்த நேரத்தில் நிறுத்தித் திரும்ப எழாமல் போனால் யார் பொறுப்பு, பன்னிரண்டு மணிக்கு மேல் செய்துகொள், ஒன்றரை மணி நேரம்தானே என்றார். அவர் அறை உள்ளே இருக்கிறது. வாசலில் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பதை அவர் பார்க்கவில்லை.

"சரி சார்" என்றார் ரங்கநாதன்.

கையில் இருந்த ஸ்டாப்ளரை அவர் மண்டையில் போட்டிருப்பேன். நடுவில் மேசை இருந்தது. அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் வாசலில் பாருங்கள், அதற்கப்புறம் சரி சொல்லுங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். சாரும் ரங்கநாதனும் எழுந்து வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ருக்கு உள்ளே வந்தாள். சீனுவின் மனைவி. கையில் போனை நீட்டினாள். அன்றைக்கு யார் யாருக்கு டயாலிசிஸ் என்று காலையில் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும். சீனு அவர்களுக்கு இன்று பதினோரு மணிக்கு டயாலிசிஸ், தவறாமல் வரவும் என்று அதில் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தட்டுத் தடுமாறி விளக்கினேன். பழைய விவரம் மேலே வந்துவிட்டது, அதில் உன் வீட்டுக்காரர் இன்னும் இருக்கிறார், அவருடைய இடம் இப்போது இவருக்கு, ஆனால் இவர் பெயர் வரவில்லை, அதனால் டோக்கன் கொடுக்க முடியவில்லை என்று கோவிந்தப்பாவைக் காட்டினேன்.

ருக்கு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூச்சு அவளுக்குப் பழக்கமான மூச்சு.

"அப்ப எங்க வீட்டுக்காரரு பேருலயே இவருக்குக் குடுத்துடுங்க. அவரு என்ன, வேணாம்னா சொல்லப்போறாரு?" என்றாள்.

சாரின் முகம் தெளிந்தது. ஒருநாளைக்கு அப்படிச் செய்யலாமே, விதியும் மீறியதாகாது, சர்வரையும் தொட வேண்டாம் என்றார். ஒளிப்பானேன், எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. கூடவே இன்னொன்றும் பட்டது. இது ரங்கநாதனுக்கென்றே செய்த குறுக்கு வழி. யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் தப்பித்துவிடலாம். நான் சீனுவின் பெயரில் டோக்கன் அடிக்கப் போனேன். கீபோர்டின் மேல் ரங்கநாதன் கையை வைத்துவிட்டார்.

"முடியாது" என்றார்.

யார் பேசினார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"முடியாது சார். எத்தன லிட்டர் தண்ணி எடுக்கணும்னு டோக்கன்ல அச்சாகும். சீனுவோட எடைக்குத்தான் வரும். இவரு அவர்ல பாதி, இவரோட கணக்கு புது டிஸ்க்லதான் இருக்கு. அவ்ளோ எடுத்தா பிரஷர் எறங்கி பெட்லயே போயிடுவாரு."

சிஸ்டர் தாரணி ஆமாம் என்று தலையாட்டினாள். சார் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அப்படியானால் பன்னிரண்டு வரைக்கும் ஆக்சிஜன் வைத்துச் சமாளிக்கலாமே என்றார்.

"அதுவும் முடியாது சார். அந்த ஒரு வரிய எழுதாம விட்டது நான். அது என் தப்பு, என்னைத் திட்டுங்க. ஆனா இப்ப ஓடுறது நீங்க பாத்த நல்ல நேரத்துல நான் வெச்ச டேட்டா. அதுல செத்தவரு உயிரோட இருக்காரு. உயிரோட இருக்கறவரு இல்லவே இல்ல. இதவிட என்ன சார் ராகு காலம் வேணும்?"

  சார் கோவிந்தப்பாவைப் பார்த்தார், வழியை விட்டு ஒதுங்கி நின்றார். ரங்கநாதன் சர்வர் அறைக்குத் திரும்பினார்.

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்றாள் ருக்கு. "நிறுத்தறதுக்கு முன்னாடி அவரு பேர எனக்கு ஒருதரம் காட்டுங்க."

நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன். ஆறாம் மெஷின், பதினோரு மணி, சீனு. அவள் பக்கத்தில் வந்து படித்தாள். பிறகு ரங்கநாதனைப் பார்த்து, நிறுத்திக்குங்க என்றாள்.

அவர் சொன்ன ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரை ஒருதடவை செத்து மறுபடி வந்தது. பெயரை அடித்தேன், கோவிந்தப்பா வந்தார். ஆறாம் மெஷின், அவர் எடை, அவர் லிட்டர். டோக்கன் அச்சானது. தாரணி ஸ்டோருக்கு ஓடினாள். சக்கர நாற்காலியைத் தள்ள ஆயாவைத் தேடிக்கொண்டிருந்தபோது சார் தாமே அதைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். ராகு காலம் பாதிகூட முடியவில்லை.

எனக்கு அதோடு முடிந்ததா? முதல் ஷிப்டில் வந்தவர்களின் விவரமெல்லாம் ஆனி நகலில் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து நான்தான் திரும்ப அடிக்க வேண்டும். அடித்து முடித்த பிறகு சாயங்காலம் ரங்கநாதன் விட்டுப்போன அந்த வரியை எழுதிவிட்டு, அந்த நகலை அழித்தார். சாரைக் கேட்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நிமிஷத்தில் எனக்குக் கொள்ளை எரிச்சல், அதை யார் மேலாவது இறக்க வேண்டும். கோவிந்தப்பாவை மெஷினில் ஏற்றியாயிற்று என்று தெரிந்தும் ருக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் பாய்ந்தேன். மெசேஜ் தப்பாக வந்தால் ஒரு போன் போட்டுச் சொன்னால் போதாதா, இதற்காக வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"தூக்கத்துல மெசேஜ் பாத்ததும் எழுந்து அவருக்கு வெந்நீ வெச்சுட்டேன் ஐரின்க்கா. பீரோல இருந்து சட்டையக்கூட எடுத்துப் போட்டுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல வீட்ல உக்கார முடியல."

 சர்வர் அறை வாசலில் நின்றிருந்த ரங்கநாதனுக்கும் கேட்டிருக்கிறது. கிட்டே வந்து, இனிமேல் இந்த மாதிரி மெசேஜ் வராதும்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"வராதுன்னா நல்லதுதான்ணா" என்று ருக்கு எழுந்தாள். போனை எடுத்து அந்த மெசேஜை இன்னொருதரம் பார்த்தாள். அழித்துவிடு என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அவள் அதை அழிக்காமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.